மயிலம்மாளின் முப்பத்தெட்டுப் புருஷர்கள்

மயிலம்மாளுக்கு முப்பத்தெட்டுப் புருஷன் என்று அரசாங்கம் முடிவு செய்துவிட்டது. அதனால் அவளுடைய மருத்துவக் காப்பீட்டு அட்டை செல்லாமல் போனது. நடந்த தவறு இவ்வளவுதான்.

மயிலம்மாள் குமாரபாளையத்தில் ஐந்தாம் லைனில் இட்லிக்கடை வைத்திருப்பவள். வயது அறுபத்தொன்று. வலது முட்டி தேய்ந்துபோய், எழுந்தால் ஒரு சத்தம், உட்கார்ந்தால் ஒரு சத்தம். சேலத்து ஆஸ்பத்திரியில் முட்டி மாற்றுவதற்கு ஏழு மாதம் காத்திருந்து, பிப்ரவரி பதினொன்று என்று நாள் வாங்கி வைத்திருந்தாள். அந்த நாளைத் தவறவிட்டால் அடுத்த முறை வர இன்னொரு வருஷம். அதுவரை முட்டி தாங்காது என்று டாக்டரே சொல்லிவிட்டார். நிற்க முடியாதவள் இட்லி ஊற்ற முடியாது. இட்லி ஊற்றாவிட்டால் அவளுக்கு வேறு கதி இல்லை. ஆஸ்பத்திரிச் செலவுக்கு இருந்தது அந்த அட்டை ஒன்றுதான்.

அட்டைக்கு ஆபத்து ஒரு நல்ல திட்டத்தின் மூலமாக வந்தது. பெயர், தேடிச்சென்று நலம் சேர்க்கும் தரவுத் திட்டம். ஏழைகளுக்கு உதவி கேட்கக் கூச்சம். மனு எழுதத் தெரியாது. எந்த ஜன்னலில் நிற்பது என்றும் தெரியாது. ஆகவே அவர்கள் கேட்கவே வேண்டாம். ரேஷன், கேஸ், கரண்டு, பள்ளிக்கூடம், பேங்கு என்று எல்லா விவரத்தையும் ஒரு கணினிக்குள் கொட்டினால், எந்த வீட்டுக்கு எந்த உதவி போகவேண்டும் என்று அதுவே சொல்லிவிடும். அருமையான யோசனை. அருமையான யோசனைகளுக்கு ஒரே ஒரு குறைதான் உண்டு. யாராவது அதைச் செய்து தொலைப்பார்கள்.

கணினி எல்லா விவரத்தையும் வாங்கிக்கொண்டது. யார் யார் ஒரே குடும்பம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பேரை நம்ப முடியாது. விலாசத்தையும் நம்ப முடியாது. போன் நம்பரை நம்பலாம் என்று முடிவானது. ஒரே நம்பர் என்றால் ஒரே குடும்பம். இதை முடிவு செய்தவர் ஐந்தாம் லைனில் ஒரு நாள் குடியிருந்திருந்தால் இந்தக் கதை கிடையாது.

ஐந்தாம் லைனில் நாற்பத்தொரு வீடு. எல்லாரும் விசைத்தறி ஓட்டுகிறவர்கள். தறி ஓட்டுகிறவன் முதலாளியிடம் அட்வான்ஸ் வாங்குவான். வேறு பட்டறையில் நாலு ரூபாய் கூடக் கிடைத்தால் அங்கே போய்விடுவான். பழைய முதலாளி போன் போடுவார். அதனால் முதல் வேலையாக சிம்மை மாற்றுவான். ஐந்தாம் லைனில் ஒரு நம்பர் ஆறு மாதம் உயிரோடு இருந்தால் அதிசயம். பதினாலு வருஷமாக மாறாத நம்பர் ஒன்றே ஒன்று. அது மயிலம்மாளுடையது. 'இட்லி மாவு கிடைக்கும்' என்று பெயின்டில் எழுதி, கீழே அந்த நம்பரையும் எழுதியிருந்தாள். எழுதின காசு வீணாகக் கூடாதென்றே அவள் மாற்றவில்லை.

ஆகவே கேஸ் பதிவுக்கு யாருடைய நம்பர்? மயிலம்மாள் நம்பர். ரேஷன் கார்டுக்கு? மயிலம்மாள் நம்பர். பள்ளிக்கூடத்துக்கு, பேங்குக்கு, ஆதாருக்கு எல்லாமே அதுதான். ஓடிபி வரும்போது அவள் இட்லித் தட்டை இறக்கி வைத்துவிட்டுத் தறிச் சத்தத்துக்கு மேலே கத்துவாள். "ஏ கந்தா, உனக்கு நாலு, ஏழு, ஏழு, ஒண்ணு! யாருகிட்டயும் சொல்லிப்போடாதேன்னு போட்டிருக்குது!" லைன் முழுக்கக் கேட்கும். ரகசியம் காப்பாற்றப்படும்.

அந்தத் தரும காரியத்தின் பலனாக, நூற்று அறுபத்து மூன்று பேர் கொண்ட ஒரே குடும்பத்துக்கு அவள் தலைவி ஆனாள்.

அன்பழகன் என்ற கள ஆய்வாளர் 'டேப்' என்ற பலகைக் கணினியைத் தூக்கிக்கொண்டு ஒரு நாள் மத்தியானம் கடைக்கு வந்தார். நல்ல மனிதர். டேப் கேட்கிற கேள்வியைத் தவிர வேறு கேள்வி கேட்கும் பழக்கம் இல்லை.

"குடும்பத் தலைவி மயிலம்மாள் நீங்கதானுங்களா?"

"நானேதானுங்க. அட்டையைச் சரி பண்ண வந்தீங்களா சாமி?"

"விசாரணைக்கு வந்திருக்கறேன். வீட்டுக்காரர் பேரு?"

"வெள்ளியங்கிரிங்க. செத்துப் பத்தொம்பது வருசமாச்சு."

அன்பழகன் விரலால் டேப்பைத் தள்ளினார். கீழே தள்ளினார். இன்னும் கீழே தள்ளினார்.

"அந்தப் பேரு லிஸ்ட்ல இல்லீங்களே அம்மா. அவரு உங்களுக்கு என்ன வேணும்?"

மயிலம்மாள் கரண்டியைக் கீழே வைத்தாள். "அப்ப லிஸ்ட்ல யாருங்க இருக்கறாங்க?"

அவர் படித்தார். புருஷர் முப்பத்தெட்டு. அந்தப் புருஷர்களின் மற்ற மனைவியர் முப்பத்தாறு. மாமியார் ஒன்பது. பிள்ளைகள் எழுபத்தேழு. தெளிவில்லாத உறவு இரண்டு. முப்பத்தெட்டுப் புருஷன் என்றபோது அவள் சிரித்தாள். முப்பத்தாறு சக்களத்தி என்றபோதும் சிரித்தாள். ஒன்பது மாமியார் என்றதும்தான் சுவரைப் பிடித்துக்கொண்டாள். ஒரு மாமியாரிடம் அவள் பட்டது லைனுக்கே தெரியும்.

அந்தச் சமயத்தில் சாப்பிட வந்த கந்தவேல், அடுத்த வீட்டுத் தறிக்காரன், லிஸ்டில் தன் பெயர் பதினேழாவதாக இருப்பதைக் கண்டுபிடித்தான்.

"பதினேழாவது புருஷனுங்களா நான்? ஏனுங்க சார், சீனியாரிட்டி பாத்துப் போடக் கூடாதுங்களா? நான் இங்க குடிவந்து பன்னெண்டு வருசமாச்சுங்க."

"அது அகர வரிசைங்க," என்றார் அன்பழகன் சிரிக்காமல்.

"அடக் கெரகமே," என்றாள் மயிலம்மாள். "ஏனுங்க, பத்துக்குப் பத்து ரூமுங்க இது. நூத்தி அறுபத்தி மூணு பேரு எங்க படுப்பாங்க?"

அது நியாயமான கேள்வி என்று அன்பழகனுக்கும் பட்டது. அறையை எட்டிப் பார்த்தார். ஒரு பாய், ஒரு கிரைண்டர், ஒரு காலண்டர். டேப்பில் குறிப்புப் பகுதியில் எழுதினார்: 'இட நெருக்கடி உள்ளது. எனினும் ஒற்றுமையான குடும்பம்.'

பிறகு ஃபோட்டோ எடுக்கவேண்டும் என்றார். குடும்பத்தார் அனைவர் முகமும் தெரிந்தால்தான் டேப் அடுத்த பக்கத்துக்குப் போகும். லைன் முழுக்க வந்து நின்றது. பட்டறைக்குப் போனவர்களையும் கூட்டி வந்தார்கள். அன்பழகன் பின்னால் போனார், போனார், சாக்கடையைத் தாண்டிப் போனார். படம் விழுந்தது. விசாரணை முடிந்தது. கூட்டுக் குடும்பம் உறுதி செய்யப்பட்டது.

ஃபோட்டோ வேறு கையில் கிடைத்த பிறகு அரசாங்கத்தின் மற்ற பிரிவுகள் சும்மா இருக்குமா? குடும்பநல நர்ஸ் ஒருத்தி வந்து, எழுபத்தேழு பெற்றது போதும் என்று அன்பாக எடுத்துச் சொல்லிவிட்டுப் போனாள். நாமக்கல்லில் ஒரு விழாவில், சிதறாத கூட்டுக் குடும்பத்துக்கான சான்றிதழைக் கண்ணாடி போட்டுக் கொடுத்தார்கள். மயிலம்மாள் அதைக் கடைச் சுவரில் மாட்டினாள். அட்டை மட்டும் செல்லவில்லை. காரணம், நாற்பத்தொரு வீட்டுக் கூலியையும் கணினி ஒன்றாகக் கூட்டியிருந்தது. அது எண்பத்து நாலு லட்சம் காட்டியது. வருஷத்துக்கு எண்பத்து நாலு லட்சம் வருகிற வீட்டுக்கு இலவச முட்டி எதற்கு?

அவள் கந்தவேலைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு சேலத்துக்கு பஸ் ஏறினாள். திட்டத்தின் அலுவலகம் ஃபேர்லேண்ட்ஸில் இருந்தது. கீழே பேக்கரி, மேலே அரசாங்கம். படி முப்பத்திரண்டு. ஒவ்வொரு படிக்கும் முட்டி ஒரு வார்த்தை சொன்னது. எல்லாம் கெட்ட வார்த்தை.

இயக்குநர் தமிழரசு இளவயசுக்காரர். மரியாதையானவர். எதிரே உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். அவருக்குப் பின்னால் ஆளுயர டிவி ஒன்று. அதில் சேலம், நாமக்கல் இரண்டு மாவட்டமும் புள்ளி புள்ளியாகத் தெரிந்தது. சிவப்பு என்றால் ஏழை, பச்சை என்றால் வசதி. பக்கத்தில் பிரவீனா என்ற கணினிக்காரப் பெண். வேலைக்கு வந்து நாலு மாதம்.

"மேற்படி பொருள் தொடர்பாகத் தங்கள் மனு கனிவுடன் பரிசீலிக்கப்பட்டதும்மா," என்றார் தமிழரசு. "ஒரு சிறு விஷயம்தான். எங்க சிஸ்டம் தொண்ணூத்தி ஏழு புள்ளி நாலு சதவீதம் சரியா இருக்கு."

"மீதி ரெண்டரைச் சில்லறை நாந்தானுங்க சார்."

"இல்லைம்மா. அது கொல்லிமலைப் பக்கம். அங்க டவர் இல்லை."

"சார், இவங்க எனக்கு அக்கா மாதிரிங்க," என்றான் கந்தவேல். "என் பொண்டாட்டி ஊட்ல இருக்கறா. இந்த லிஸ்டைப் பாத்ததுலருந்து ஒரு மாசமா எனக்குச் சோறு போட மாட்டேங்கறாளுங்க."

தமிழரசு பரிவோடு தலையாட்டினார். "குடும்பத்தைப் பிரிக்க வழி இருக்குங்க. ஒண்ணு, பாகப்பிரிவினைப் பத்திரம். இல்லைன்னா கோர்ட்டுல விவாகரத்து ஆணை, முப்பத்தெட்டு."

"நான் சம்மதிக்கறனுங்க," என்றான் கந்தவேல் உடனே.

"கல்யாணமே ஆகாம எப்படி சாமி விவாகரத்து?" என்றாள் மயிலம்மாள்.

"அப்படின்னா முதல்ல திருமணத்தைப் பதிவு செய்யணும்," என்றார் தமிழரசு.

பிரவீனாவுக்குக் கொஞ்சம் வருத்தமாக இருந்தது. நம்பரை மாற்றிப் பார்க்கலாம் என்றாள். நம்பரை மாற்ற, குடும்பத்தில் ஒவ்வொருவரும் தனக்கு வரும் ஓடிபியைச் சொல்லவேண்டும். பொத்தானை அமுக்கினாள். நூற்று அறுபத்து மூன்று ஓடிபியும் மயிலம்மாளின் போனுக்கே வந்து இறங்கின. இரண்டு நிமிஷம் அவகாசம். மயிலம்மாள் பழக்கதோஷத்தில் எழுந்து நின்று கத்த ஆரம்பித்தாள். பன்னிரண்டாவது நம்பரில் போன் சூடாகி அணைந்தது. கீழே பேக்கரிக்காரர் என்னவோ ஏதோவென்று மேலே ஓடி வந்தார்.

படி இறங்கும்போது பிரவீனா பின்னாலேயே வந்து குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "அம்மா, நான் சொன்னேன்னு சொல்லாதீங்க. உங்க லைன் முன்னாடி நாப்பத்தொரு சிவப்புப் புள்ளி. இப்ப ஒரே ஒரு பெரிய பச்சைப் புள்ளி. உங்க ஊருல ஏழைங்க கொறைஞ்சு போச்சுன்னு சாருக்கு மேலிடத்துல பாராட்டு வந்திருக்கு. மறுபடி பிரிச்சா வறுமை ஏறுமுங்க. மார்ச்சுக்கு முன்னாடி யாரும் வறுமையை ஏத்த மாட்டாங்க."

"எனக்கு பிப்ரவரிங்களே கண்ணு!"

"மறுஆய்வுக்கு மனுப் போடுங்க. போட்டா விதிப்படி முப்பது நாள்ல வீடு வீடா வந்தாகணும்."

போட்டாள். ஜனவரி முதல் வாரத்தில் ஆறு பெண்கள் ஆறு டேப்போடு வந்து இறங்கினார்கள். கதவுக்குக் கதவு தட்டினார்கள். அன்றைக்கு ஐந்தாம் லைன் உண்மையைச் சொல்லியிருந்தால் கதை அதோடு முடிந்திருக்கும்.

ஆனால் வாசலில் டேப்போடு ஒருத்தி வந்து நின்று, உங்கள் வீட்டில் என்ன இருக்கிறது என்று கேட்டால், இருக்கிறது என்று எந்த மடையனாவது சொல்வானா? இருப்பதைச் சொன்னால் வருவது போய்விடும். இது தொட்டில் பிள்ளைக்கும் தெரியும். முதல் டேப் தெருமுனையில் தெரிந்ததுமே லைன் வேலையை ஆரம்பித்துவிட்டது. மிக்சி கட்டிலுக்கு அடியில் போனது. டிவிக்குச் சேலை போர்த்திச் சாமி படம் சாத்தினார்கள். கேஸ் சிலிண்டர் கோணிக்குள் புகுந்தது. தலைக்கு மேலே சுற்றிக்கொண்டிருந்த ஃபேனைக் கந்தவேல் வாடகை ஃபேன் என்றான். பெங்களூரில் வேலை பார்க்கிற மகனை ஓடிப்போய்விட்டான் என்றார்கள். தறி ஓட்டுகிறவனைச் சும்மா இருக்கிறான் என்றார்கள். தனியாக இருக்கும் குப்பாயிக் கிழவி ஒருபடி மேலே போய், தான் சாப்பிட்டு மூன்று நாள் ஆயிற்று என்றாள். வாயில் வெற்றிலை இருந்தது.

மயிலம்மாளாவது உண்மை பேசினாளா? அவளும் கிரைண்டர்மேல் பாயைப் போட்டு மூடினாள். "இட்லிக்கடைங்களா? அதெல்லாம் பொழுது போகோணுமேன்னு வெச்சிருக்கறதுங்க. ஒரு வருமானமும் கிடையாது."

கணினி எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தது. நாற்பத்தொரு வீட்டிலும் வருமானம் இல்லை. அடுப்பு இல்லை. வேலை இல்லை. மூன்று நாளாகச் சாப்பாடும் இல்லை. இந்நிலையில் மனித உயிர் இருக்க வாய்ப்பில்லை என்று அது சரியாகவே முடிவு செய்தது. ஐந்தாம் லைன் ஆளில்லாத இடம் என்று அறிவிக்கப்பட்டது. ஃபேர்லேண்ட்ஸ் அலுவலக டிவியில் பச்சைப் புள்ளியும் மறைந்தது. அங்கே வறுமை பூஜ்யம். தமிழரசுவுக்கு இரண்டாவது பாராட்டு வந்தது.

மயிலம்மாள் ஆஸ்பத்திரிக் காப்பீட்டு ஜன்னலுக்குப் போனாள். அங்கிருந்த பெண் திரையைப் பார்த்தாள். இவளைப் பார்த்தாள். மறுபடி திரையைப் பார்த்தாள்.

"அம்மா, முன்னாடி நீங்க பணக்காரங்கன்னு வந்துது. இப்ப நீங்க இல்லைன்னே வருதுங்க."

"இதா நிக்கறனே சாமி உம் முன்னாடி."

"நீங்க நிக்கறது எனக்குத் தெரியுதுங்க. சிஸ்டத்துக்குத் தெரியோணுமல்ல?"

"ரொம்ப நேரம் நிக்க முடியாதுன்னுதான் சாமி உங்ககிட்ட வந்தேன்," என்றாள் மயிலம்மாள். பின்னால் வரிசை தள்ளியது. பிப்ரவரி பதினொன்றுக்குப் பத்தொன்பது நாள்தான் இருந்தது.

அந்த வாரம் முனிசிபல் எலக்சன் அறிவித்தார்கள்.

எலக்சன் வந்தால் ராசு வருவான். லாரி புக்கிங் ஆபீசில் வேலை. எலக்சன் சமயத்தில் மட்டும் ஒரு கட்சிக்கு பூத் ஏஜெண்ட். ஓட்டுக்குப் பணம் போட்ட கவரைக் கொடுப்பது அவன் பொறுப்பு. கவர் தப்பான ஆளுக்குப் போனால் அவன் கைக்காசு போகும். அதனால் நீள நோட்டு ஒன்று போட்டு எழுதுவான். மயிலம்மாள் கடைப் பலகையில் உட்கார்ந்தான். லைன் அவனைச் சுற்றிக் கூடியது.

"கந்தா, உம்பட நம்பர் சொல்லு."

"அக்கா நம்பர்தான், எழுதிக்க."

"அக்கா நம்பரை வெச்சு நான் என்ன மாவா வாங்கப் போறேன்? ஓட்டன்னைக்கு உன்னைய எழுப்பிக் கூட்டிட்டுப் போகோணும். இன்னைக்கு உம் பாக்கெட்டுல ஓடற நம்பரைச் சொல்றா."

கந்தவேல் சொன்னான். முதலாளிக்குச் சொல்லாத நம்பர். நாற்பத்தொரு வீடும் சொன்னது. எந்தப் பட்டறை, என்ன கூலி என்றான். பட்டறை முதலாளி எந்தக் கட்சி என்று தெரியவேண்டுமாம். சொன்னார்கள். பெங்களூர் மகன் எலக்சனுக்கு வருவானா என்றான். சம்பளம் எவ்வளவு, லீவு கிடைக்குமா என்பதுவரை சொன்னார்கள். வருகிறவனுக்குத்தான் கவர். ஒருத்தி செத்துப்போன மாமனாரைச் சேர்த்துச் சொல்லிப் பார்த்தாள். "அவரு போயிச் சேந்து ரெண்டு நோம்பி ஆச்சுங்க தம்பி," என்று எதிர்வீட்டுக்காரி போட்டு உடைத்தாள். குப்பாயிக் கிழவி, தான் தினமும் இங்கே எட்டு இட்லி தின்பதாக ஒத்துக்கொண்டாள். கேட்காமலே சொன்னாள்.

"யாருக்கு என்ன குறைன்னும் சொல்லிப்போடுங்க," என்றான் ராசு. "கேண்டிடேட் வந்தா, செஞ்சு தர்றேன்னு வாக்குக் குடுக்கோணுமல்ல."

மயிலம்மாளின் வரி இப்படி இருந்தது: 'மயிலம்மாள். புருஷன் இல்லை. தனி ஆள். மகன் திருப்பூர், வர மாட்டான். தினம் நாலு படி இட்லி. வலது முட்டி போச்சு, ஆஸ்பத்திரி அட்டை கேட்கிறாள். ஓட்டு 1.' அரசாங்கம் இரண்டு வருஷமாகத் தேடியது ஒரு வரியில் இருந்தது.

நாலாம் நாள் அன்பழகன் வந்தார். ஆளில்லாத இடத்துக்கு வாக்காளர் பட்டியலில் நூற்று நாலு ஓட்டு எப்படி வந்தது என்று மேலிடம் விளக்கம் கேட்டிருந்தது. இட்லி தின்றுகொண்டே பலகையில் கிடந்த நோட்டைப் புரட்டினார். கை நின்றுபோனது.

"இது யாரு எடுத்த சர்வேங்க?"

"சர்வே இல்லீங்க சார், கவர் நோட்டுங்க," என்றான் ராசு. "வேணும்னா பாத்து எழுதிக்குங்க. கடைசிப் பத்தி மட்டும் வேண்டாம். அது, யாரு எங்களுக்கு ஓட்டுப் போடறாங்கங்கறது."

அன்பழகன் நாற்பத்தொரு வீட்டையும் நாற்பத்தொரு நம்பரோடு டேப்பில் ஏற்றினார். தரவு எங்கிருந்து கிடைத்தது என்று டேப் கேட்டது. யோசித்தார். 'உள்ளூர் வல்லுநர்' என்று போட்டார்.

கணினி ரேஷனோடு ஒப்பிட்டது, கரண்டோடு ஒப்பிட்டது, பள்ளிக்கூடத்தோடு ஒப்பிட்டது. ஓர் இடத்தில்கூட உதைக்கவில்லை. தமிழரசு முதலில் பதறினார். வறுமை ஏறிவிட்டதே. பிறகு யாரோ இரவல் கொடுத்தது போலத் திடீரென்று ஒரு யோசனை வந்தது. இதற்கு வறுமை ஏறிவிட்டது என்று ஏன் பெயர் வைக்கவேண்டும்? இதுவரை எவர் கண்ணுக்கும் தெரியாத நாற்பத்தொரு ஏழைக் குடும்பம் கண்டுபிடிக்கப்பட்டது. அவருக்கு மூன்றாவது பாராட்டு வந்தது. இந்தத் தடவை ஷீல்டோடு.

அட்டை பிப்ரவரி ஒன்பதாம் தேதி உயிர் பெற்றது. பதினொன்றாம் தேதி முட்டி மாற்றினார்கள். எலக்சனுக்கு மயிலம்மாள் வாக்கர் பிடித்துப் போய் ஓட்டுப் போட்டுவிட்டு வந்தாள்.

முடிவு வந்த மறுநாள், கட்டுப் பிரித்துப் பார்க்க அவள் ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தபோது, தமிழரசு கேமராக்காரரோடும் பழக்கூடையோடும் வந்தார். திட்டத்தைப் பற்றி ஒரு படம் எடுக்கிறார்களாம். பிரவீனா மைக்கைப் பிடித்தாள்.

"அம்மா, உங்களைச் சரியா கண்டுபிடிச்சு இந்த உதவியைக் கொண்டுவந்து சேர்த்தது யாருன்னு உங்க வாயால சொல்லணும். கேமராவைப் பாத்துச் சொல்லுங்க."

தமிழரசு சட்டைக் காலரைச் சரி செய்துகொண்டார்.

மயிலம்மாள் புது முட்டியை ஒரு தடவை மடக்கி நீட்டிப் பார்த்தாள். சத்தம் இல்லை.

"பாவமுங்க அந்தப் பையன்," என்றாள். "கேட்டதுக்கெல்லாம் நெசம் சொன்னோம். கவரையும் வாங்கிக்கிட்டோம். கடைசிப் பத்தியில மட்டும் லைனே சேந்து பொய் சொல்லிப்போட்டோம். நூத்தி நாலு ஓட்டும் அடுத்த கட்சிக்குப் போச்சு. நேத்து அவனோட கேண்டிடேட் டெபாசிட் போயி, அப்பருந்து பையனுக்குச் சோறு எறங்கலைங்களாம்."

"யாரும்மா அது?" என்றாள் பிரவீனா.

"ராசுங்க."